கந்தளாய்க் கல்லில் ஓர் ஆண்டு

திருகோணமலையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 25 மைல் தூரத்திலுள்ள கந்தளாய், இன்று தன் பெருங்குளத்தாலும் அதன்கீழ் விளையும் நெல்வயல்களாலும் பெயர்பெற்ற ஊராகும். பதினோராம் நூற்றாண்டிலோ அது நான்மறை வல்ல அந்தணர் வாழ்ந்த ஒரு சதுர்வேதிமங்கலம். அவ்வூரை அடுத்த பளமோட்டை என்னுமிடத்தில் தமிழ்ச் சாசனம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பிராமணப் பெண்ணொருத்தி, இறந்துபோன தன் கணவனை நினைந்து, கந்தளாயில் விளங்கிய விசயராச ஈசுவரம் என்னும் சிவன் கோயிலுக்குக் கொடை வழங்கிய செய்தியை அது கூறுகின்றது. நங்கைசானி என்பது அவள் பெயர். கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்புவிக்கப்பட்டது. இவையெல்லாம் நிகழ்ந்தது விசயபாகு தேவரின் 42ஆம் யாண்டு என்பது சாசனத்தின் வாக்கு.

இந்த 42 என்னும் எண்ணே இக்கட்டுரைக்குப் பொருள். கல்லைப் படிக்கும் மாணவன் பெரும்பாலும் இவ்வெண்ணைக் கண்டவுடன் அடைப்புக்குள் ஒரு கிறித்துவ ஆண்டை எழுதிவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றான். அவ்வாறு செல்லாது சற்று நின்று, இவ்வாண்டு எங்கிருந்து எண்ணப்பட்டது, இதனையே பிறர் எவ்வெவ்வாறு எண்ணினர் என்று வினவுவோமாயின், அக்காலக் கந்தளாயின் அரசியல் முழுவதும் அவ்வோர் எண்ணுக்குள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விசயபாகுவின் ஆட்சித் தொடக்கம் கி. பி. 1055ஐ ஒட்டியது என்பது வரலாற்றாசிரியர் பலரும் கொண்ட முடிபு. 1055உடன் 42ஐக் கூட்டி 1097 என்று விடை கூறுதல் பலர் செய்யும் பிழை. ஆட்சியாண்டு என்பது நடந்துகொண்டிருக்கும் ஆண்டு. கழிந்த ஆண்டு அன்று. முடி சூடிய நாளிலேயே முதலாம் யாண்டு தொடங்கிவிடுகின்றது. ஆதலின் 42ஆம் யாண்டில் முற்றக் கழிந்தவை 41 ஆண்டுகளே. அவ்வாறு கூட்டின் 1096ஆம், 1097ஆம் ஆண்டுகளில் அது விழும். அரசனின் யாண்டு எம்மாதத்தில் மாறிற்று என்பதைப் பொறுத்து ஓராண்டு முன்பின்னாதல் கூடும். எனினும் விளக்கத்தின் பொருட்டு 1096 சித்திரை முதல் 1097 பங்குனி வரையுள்ள ஆண்டையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

அந்த 1055 தானும் எங்கிருந்து கிடைத்தது? சூளவமிசம் அரசர்களின் ஆட்சிக்காலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறிச் செல்கின்றது. அச்சங்கிலி நீண்டது, ஆனால் ஏதேனும் ஓரிடத்தில் உறுதியான முளையில் அதைக் கட்டினாலன்றிப் பயனில்லை. அம்முளையாக உதவியது பொலன்னறுவையிலுள்ள சாகசமல்லனின் சிங்களச் சாசனம். புத்தர் பரிநிருவாணம் எய்தி 1743 ஆண்டும் 3 மாதமும் 27 நாளும் கழிந்தபின் ஒரு புதன்கிழமையில் அவன் முடிசூடினான் என்று அது நாட்கணக்காகக் கூறுகின்றது. கணித்துப் பார்த்த அறிஞர் அந்நாள் கி. பி. 1200 ஆகத்து 23 எனக் கண்டனர், கிழமையும் பொருந்திற்று. அங்கிருந்து பின்னோக்கி எண்ணியும், சோழர் சாசனங்களுடன் ஒப்புநோக்கியுமே விசயபாகுவின் காலம் துணியப்பட்டது. சைவக் கோயிற் கொடை ஒன்றின் காலத்தை அறிவதற்குப் பௌத்த ஆண்டெண் கைகொடுக்க வேண்டியிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, உண்மையான சிக்கலுக்கு வருவோம். 1055இல் கந்தளாயை ஆண்டவன் விசயபாகு அல்லன். ஈழத்தின் வடபகுதி 993ஐ ஒட்டி இராசராச சோழன் கைப்பட்டது. 1017இல் இராசேந்திரன் படைகள் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டு சென்றன. ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் ஆயிற்று. பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆயிற்று. கந்தளாய் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றது. விசயபாகுவோ அப்போது தென்கோடியிலுள்ள உரோகணத்தில், காடும் மலையும் அரணாகக் கொண்டு, சோழருக்கு எதிராகப் படைதிரட்டிய இளைஞன். பொலன்னறுவையிலுள்ள வேளைக்காரர் தமிழ்ச் சாசனம் அவன் 73 ஆண்டு வாழ்ந்து 55 ஆண்டு ஆண்டான் என்கின்றது. ஒன்றை மற்றொன்றிற் கழித்தால், பதினெட்டாம் வயதளவில் அவன் தன்னை அரசனாக எண்ணத் தொடங்கினான் என்பது பெறப்படும். அப்போது அவனுக்குத் தலைநகரும் இல்லை. முறைப்படி அபிடேகமும் இல்லை. சூளவமிசத்தின்படி அவன் பொலன்னறுவைக்குள் புகுந்தது தன் 15ஆம் யாண்டில். அதாவது 1070ஐ ஒட்டி. முடிசூட்டு விழா நிகழ்ந்தது 18ஆம் யாண்டில்.

ஆகவே, கந்தளாய்க் கல் கூறும் 42 ஆண்டுகளுள் முதற் பதினைந்து ஆண்டளவு கந்தளாய் சோழர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலமாகும். அக்காலத்தில் இவ்வூரில் ஒருவர் விளக்குக்குப் பொன் வைத்திருப்பாராயின், சோழ மன்னன் ஒருவனின் யாண்டையோ ஈழத்திலிருந்த சோழ இளவரசனின் யாண்டையோதான் பொறித்திருப்பார். அதே நாட்களையே பின்னாளில் அதே ஊரார், அதே தமிழில், விசயபாகுவின் ஆண்டுகளாக எண்ணினர். போரில் வென்றவன் நிலத்தை மட்டும் மீட்கவில்லை. கழிந்த காலத்தையும் தன் கணக்கிற் சேர்த்துக்கொண்டான்.

இதனை ஒரே இடத்திற் காண விரும்புவோர் பொலன்னறுவையிலுள்ள இரண்டாம் சிவதேவாலயத்துக்குச் செல்லலாம். வானவன்மாதேவி ஈசுவரம் எனப் பெயர்பெற்ற அக்கற்றளியில் அதிராசேந்திர சோழனின் 3ஆம் யாண்டுச் சாசனம் உள்ளது. அது 1070ஐ ஒட்டியது. சனநாதமங்கலத்துச் சிற்பி அவ்வெண்ணைச் செதுக்கிய காலத்தில் உரோகணத்தில் விசயபாகுவின் 14ஆம் யாண்டோ 15ஆம் யாண்டோ நடந்துகொண்டிருந்தது. ஒரு தீவில், ஒரே மழைக்காலத்தில், இரண்டு அரசர், இரண்டு எண்கள். அக்கோயிலில் விளக்கு எரிந்த அளவில் ஒரு கணக்கு ஓய்ந்து மற்றொன்று தொடர்ந்தது.

இவ்வகை எண்ணிக்கை விசயபாகுவுக்கே உரிய சூழ்ச்சி என்று கருதுதல் வேண்டா. சிறைப்பட்ட ஐந்தாம் மகிந்தனின் வரலாற்றைப் பாருங்கள். அவன் பிடிபட்டது தன் 36ஆம் யாண்டில். சோழநாட்டில் 12 ஆண்டு இருந்து இறந்தது 48ஆம் யாண்டில் என்று சூளவமிசம் எழுதுகின்றது. நாடிழந்து அயலார் காவலிற் கிடந்தவனுக்கும் ஈழத்துப் புத்த பிக்குகள் ஆட்சியாண்டை நிறுத்தவில்லை. சோழர் பக்கத்திலும் இத்தகைய வழக்கு உண்டு. இராசேந்திரனின் யாண்டு 1012இலிருந்து எண்ணப்பட்டது. அவன் தந்தை இராசராசனோ 1014 வரை ஆண்டான். இளவரசுப் பட்டம் கட்டிய நாளே தொடக்கமாயிற்று. இன்னும், சோழ இலங்கேசுவரன் என்னும் பட்டத்துடன் ஈழத்தை ஆண்ட சங்கவர்மன் என்னும் சோழ இளவரசனின் தனி யாண்டு பொறித்த சாசனங்கள் கந்தளாயிலும் மானாங்கேணியிலும் கிடைத்துள்ளன. பேரரசனின் யாண்டு ஒருபுறம் நடக்க, அவன் குடும்பத்தவனின் யாண்டு இத்தீவில் வேறாக நடந்தது. பாண்டியர் சாசனங்களில் ‘இத்தனையாவதற்கு எதிர் இத்தனையாவது’ என இரண்டு எண் வருவதையும் மாணவர் நினைத்துக்கொள்ளலாம். ஆட்சியாண்டைக் காணுந்தோறும், எந்நாளை முதலாகக் கொண்டது இது என்ற வினா எழுதல் வேண்டும்.

பளமோட்டைக் கல் எழுந்த அதே ஆண்டைக் கடலுக்கு அப்பாலுள்ள சோழநாட்டுக் கோயில்கள் முதற் குலோத்துங்கனின் யாண்டாக எழுதின. அவன் 1070 சூனில் அரியணை ஏறியவன். ஆதலின் 1096 சித்திரையில் அவனுக்கு 26ஆம் யாண்டு. ஆனியளவில் 27 பிறந்தது. சகாத்தக் கணக்கில் 1018 ஆண்டு கழிந்து 1019 செல்லாநின்றது. கலியுகக் கணக்கில் 4197 கழிந்தது. கழிந்த சக ஆண்டுடன் 3179ஐக் கூட்டினால் கழிந்த கலி ஆண்டு கிடைக்கும் என்னும் சூத்திரத்தை மனத்திற் கொண்டால் இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். இவ்விரு கணக்குகளிலும் நாம் பெரும்பாலும் கழிந்த ஆண்டையே கூறுகின்றோம். ஆட்சியாண்டிலோ நடப்பாண்டைக் கூறுகின்றோம். பல பிழைகளுக்கு மூலம் இவ்வேறுபாடே.

அறுபதாண்டு வட்டத்தில் இவ்வாண்டு தாது. இப்பெயரைக் கேட்டவுடன் தமிழ்நாட்டாருக்கு 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் இடையே 780 ஆண்டுகள். அதாவது சரியாகப் பதின்மூன்று வட்டங்கள். 1996இல் பிறந்ததும் தாதுவே. வேறோர் ஆண்டெண் உடன் இல்லையாயின் இப்பெயர் ஒன்றே காலத்தை உணர்த்தமாட்டாது என்பதற்கு இதுவே போதிய சான்று. வடநாட்டார் வியாழ வட்டத்தை வேறு முறையிற் கணித்தமையால் இதே ஆண்டுக்கு அங்கே வழங்கிய பெயரும் வேறு.

சித்திரைப் பிறப்பும் அன்று இன்றைய நாளில் நிகழவில்லை. இப்போது ஏப்பிரில் 14ஐ ஒட்டி வரும் மேடசங்கிராந்தி, 1096இல் அக்கால யூலியன் கணக்கின்படி மார்ச்சு 24ஐ ஒட்டி வந்தது. இடைப்பட்ட மூன்று வார வேறுபாட்டில் ஒரு பகுதி, 1582இல் உரோமாபுரியிற் செய்யப்பட்ட பஞ்சாங்கத் திருத்தத்தால் வந்தது. எஞ்சிய பகுதிக்குக் காரணம் நம் கணக்கே. விண்மீன்களை எல்லையாக வைத்து நாம் எண்ணும் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட 20 நிமிடத்துக்குச் சற்று மேல் நீளமானது. ஒருவர் வாழ்நாளில் அது தோன்றாது. 900 ஆண்டில் நாட்கணக்காகக் குவிந்துவிடுகின்றது.

மலைநாட்டிற் கொல்லம் ஆண்டு 271 நடந்து, ஆவணியில் 272 பிறந்தது. ஈழத்துப் பௌத்தர் கணக்கில் வைகாசிப் பௌர்ணமியில் 1639 ஆண்டு நிறைந்து 1640 தொடங்கிற்று. பரிநிருவாணத்தைக் கி. மு. 544இல் வைக்கும் மரபின் வழி வந்த கணக்கு இது. மகாவமிசத்தை மொழிபெயர்த்த கைகர் போன்றோர் அசோகன் காலத்தை அளவுகோலாகக் கொண்டு அந்நிகழ்ச்சியைக் கி. மு. 483இல் வைத்தனர், அம்முறையில் எண்ணுவோருக்கு இவ்வெண் 61 குறையும். கீழைக் கடல்களில் வாணிகம் செய்த முசிலிம் வணிகருக்கு இது கிசிரி 489. திசம்பரில் 490 பிறந்தது. அவர்களது சந்திர ஆண்டு பருவங்களோடு கட்டுப்படாமல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னேறிச் செல்வது. கிறித்துவ உலகம் 1096 என எண்ணிய இவ்வாண்டிலேயே முதலாம் சிலுவைப் போர்ப் படைகள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. கந்தளாயில் அவ்வெண்ணை அறிந்தவர் எவரும் இருந்திரார்.

இவற்றுள் கன்னட நாட்டுக் கணக்கு ஒன்றைத் தனியே எடுத்துக் கூறல் வேண்டும். மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் 1076இல் அரசு கைப்பற்றியதும், நெடுங்காலம் வழங்கிவந்த சகாத்தத்தை விலக்கித் தன் பெயரால் ஒரு புதிய ஆண்டெண்ணைத் தொடக்கினான். சாளுக்கிய விக்கிரம வருடம் என வழங்கிய அதன்படி தாது, 21ஆம் ஆண்டு. இம்மன்னனும் விசயபாகுவும் சோழருக்குப் பகைவர் என்ற வகையில் தம்முள் நட்பினர். விசயபாகு கன்னட வேந்தனுக்குப் பரிசுகளுடன் அனுப்பிய தூதரைச் சோழநாட்டார் பிடித்து மூக்கையும் காதையும் அறுத்தனர் என்று சூளவமிசம் கூறும். வெகுண்ட விசயபாகு தன் 30ஆம் யாண்டில் சோழநாட்டின்மேற் படையெடுக்க முனைந்தான். அவன் படையிலிருந்த வேளைக்காரர் சோழருக்கு எதிராகப் போரிட மறுத்துக் கலகம் செய்தனர், படைத்தலைவர் இருவரைக் கொன்றனர், அரண்மனைக்குத் தீயிட்டனர். கலகம் அடக்கப்பட்டது.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டு கழித்து எழுந்ததே நம் சாசனம். கைம்பெண் ஒருத்தி தன் கொடையை அதே வேளைக்காரர் காவலில் வைக்கின்றாள். அவர்கள் எதிர்த்துக் கிளர்ந்த அதே அரசனின் யாண்டைத் தலைப்பில் இடுகின்றாள். இவ்விரண்டும் முரணல்ல என்பது என் கருத்து. கொடைச் சாசனம் என்பது ஓர் ஒப்பந்தம். பின்னாளில் எவரேனும் அதற்கு இடையூறு செய்வாராயின் முறையிடுவதற்கு ஓர் அரசு வேண்டும். நேரிற் காப்பதற்கு ஒரு படை வேண்டும். கலியாண்டும் சகாத்தமும் வானத்தைச் சார்ந்தவை. எந்த நாட்டிலும் செல்லும். ஆனால் எவரையும் கட்டுப்படுத்தா. ஆட்சியாண்டோ, இன்ன அரசனின் ஆணை இங்கே நடக்கின்றது என்று சொல்வது. சகாத்தத்தை அறியாமையால் ஊரார் அதை விடுத்தனர் என்று கூறுதல் பொருந்தாது. வேதம் வல்ல அந்தணர்க்குச் சடங்குகளின் சங்கற்பத்திற் கலியுகக் கணக்கைச் சொல்லுதல் இயல்பான வழக்கு. வாயாற் கூறியது ஒன்று. கல்லில் வெட்டியது மற்றொன்று.

நீண்ட ஆண்டெண்கள் நம் மாவட்டத்திற் காணப்படாதவை அல்ல. திருகோணமலைக் கோட்டையிற் கிடைத்த வடமொழிச் சாசனம் சோடகங்கன் ஈழத்துக்கு வந்ததைச் சகாத்தத்தாற் குறிக்கின்றது, அது கி. பி. 1223. கோணேசர் கல்வெட்டு என்னும் நூலோ, கந்தளாய்க் குளத்தோடு நம் மக்கள் தொடர்புறுத்தும் குளக்கோட்டனின் திருப்பணியைக் கலி 512ஆம் ஆண்டு இடப மாதத்துத் திங்கட்கிழமையில் வைக்கின்றது. கணக்கிட்டால் அது கி. மு. 2590 ஆகும். மாதமும் கிழமையும் கூறும் நுட்பத்தைக் கண்டு மயங்கி அதனை வரலாற்று நாளாகக் கொள்வாரும் உளர். எண்ணைப் பழித்து நூல் முழுவதையும் தள்ளுவாரும் உளர். இரண்டும் வேண்டா. அவ்வெண் கோயிலின் தொன்மையைப் பற்றி அந்நூலோர் கொண்ட நம்பிக்கைக்குச் சான்று. கோயிற்றொழும்பு பற்றி அந்நூல் தரும் செய்திகளை வேறு வகையால் ஆராய்தல் வேண்டும். பளமோட்டைக் கல்லின் சிறிய 42, அந்தப் பெரிய எண்ணைவிட நமக்கு மிகுதியாக உதவுகின்றது. ஏனெனில் அது தான் கூறும் நிகழ்ச்சியோடு உடன் பிறந்த எண்.

கொடை கொடுத்த பெண்ணின் வயதைக் கல் கூறவில்லை. அவள் 1096இல் முப்பதைக் கடந்தவளாயின் சோழர் ஆட்சி நீங்குமுன் பிறந்தவள். இவ்வூரிலேயே பிறந்தவளாயின், அவள் பிறந்த ஊர் இராசராசச் சதுர்வேதிமங்கலம்; அவள் கொடை கொடுத்த ஊர் விசயராசச் சதுர்வேதிமங்கலம்; குளமும் கோயிலும் தெருவும் மாறவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டு சென்றபின் நிசங்கமல்லன் இவ்வூருக்கு வந்து கல்லாசனத்தில் அமர்ந்தான். அவ்வாசனத்திற் பொறித்த சிங்களச் சாசனத்தில் இவ்வூர் சதுர்வேத பிரமபுரம் எனப்படுகின்றது.